அடைமழையில் மாமல்லபுரம்: சிறு பிள்ளைகளோடு இரண்டு நாள் கழிக்கும் முறை

ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள், வந்து இறங்கியதிலிருந்து மழை விடவில்லை, மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் ஆறு வயதுக் குழந்தை ஒன்றும் கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கின்றன என்றால், இந்தச் செய்முறை உங்களுக்கானது. எங்கள் பிள்ளைகளோடு செய்து பார்த்துப் பயன் கண்டதையே எழுதுகிறேன். பேருந்து பிடிப்பது, அறை தேடுவது முதலியவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். முன்பதிவின்போது மின்வெட்டு நேரத்தில் மின்விசிறிக்கும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஐந்தாம் படி முழுவதும் அந்த மின்விசிறியை நம்பியே இருக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எங்கெங்கே கூரை இருக்கிறது என்பதைக் கொண்டு நாளைத் திட்டமிட வேண்டும். இதற்கு மாமல்லபுரம்போல் வாகான கடலோர ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து. பாறையில் குடையப்பட்ட மண்டபங்கள் நடக்கும் தூரத்திலேயே இருப்பதால், தூறல் வலுத்தால் ஒதுங்குகிற இடமே பார்க்க வந்த இடமாகவும் அமைந்துவிடுகிறது.

முதல் படி: எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு விடுத்திருக்கும் எச்சரிக்கை சிவப்பு என்றால் அறையை விட்டு வெளியேற வேண்டாம். இன்னும் ஊரிலிருந்து கிளம்பவே இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆரஞ்சு என்றால் மாமல்லபுரத்துக்குள்ளேயே இருங்கள், நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். மஞ்சளோ பச்சையோ என்றால் கீழே உள்ள எல்லாவற்றையும் செய்யலாம். நிறம் எதுவானாலும் பருவமழைக் காலத்தில் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள், கணுக்கால் அளவு நீர்தானே என்று அலை விளிம்பில் நிறுத்தவும் செய்யாதீர்கள். கடலை மணலில் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

இரண்டாம் படி: மழை விடும் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானோர் தடுமாறுவது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கைப்பேசியில் இருக்கும் வானிலைச் செயலி ‘மழை வாய்ப்பு 80 விழுக்காடு’ என்று காட்டும்; அதைப் பார்த்ததும் குடும்பமே போர்வைக்குள் திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நாளைத் திட்டமிட முடியாது. மேகங்கள் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து பெய்துவிட்டு நகர்கின்றன, ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வெறும் வானம் கிடைக்கிறது. பிள்ளைகளோடு வெளியே செல்ல அந்த இடைவெளி போதும்.

அதைக் கண்டுபிடிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் சென்னை ராடார் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். தனியார் செயலிகளின் அழகான வரைபடங்களைவிட எனக்கு இந்தக் கரடுமுரடான படத்தின் மேல்தான் நம்பிக்கை. நீலமும் பச்சையும் மெல்லிய மழை, மஞ்சளும் சிவப்பும் வலுத்த மழை என்று மேலோட்டமாகக் கொள்ளலாம். மாமல்லபுரத்தின் தலைக்கு மேல் என்ன நிறம் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, ஊருக்குக் கிழக்கே, கடலுக்கு மேல் என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். பத்து இருபது நிமிட வித்தியாசத்தில் வந்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், அந்த மேகத் திட்டு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது பிடிபட்டுவிடும். படத்தில் குறித்திருக்கும் நேரம் உலகப் பொது நேரமாக, அதாவது ‘யூடிசி’ என்று இருந்தால், அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள் இப்போது வந்த படத்தையே அதிகாலைப் படம் என்று எண்ணி மூடிவிடுகிறார்கள்.

இன்னொன்று: இந்தப் பருவத்தில் கரையோரங்களில் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் மழை வலுப்பதும், முற்பகல் கழிந்தபின் சற்று ஓய்வதும் அடிக்கடி காணப்படுவது. ஆகவே சூரிய உதயம் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, காலை உணவை நிதானமாக முடித்து, பத்து மணிக்கு மேல் கிளம்புவதே நல்லது.

மூன்றாம் படி: எடுத்துக்கொள்ள வேண்டியவை

கடற்காற்றில் குடை நிற்காது. ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஓடித் திரியும் பிள்ளைக்குச் சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டு நல்லது, ஏனெனில் தலைவழியாகப் போடும் அங்கியைக் காற்று தூக்கிவிடும். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெரியவருக்கு அதே தலைவழி அங்கிதான் ஏற்றது, இருவரையும் சேர்த்து மூடிவிடும். ஷூ வேண்டாம், பின்வார் உள்ள ரப்பர் செருப்பு போதும். கனத்த டர்க்கி துண்டுகளை வீட்டிலேயே விட்டுவிட்டு ஈரிழைத் துண்டுகள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், பிழிந்து உதறினால் மீண்டும் துடைக்க ஆயத்தமாகிவிடும். மணலிலும் பாறையிலும் தள்ளுவண்டி பயன்படாது. கொசு விரட்டும் களிம்பு கட்டாயம்.

நான்காம் படி: கூரையிலிருந்து கூரைக்கு

முதலில் கிருஷ்ண மண்டபத்துக்குச் செல்லுங்கள். இந்திரன் பெய்வித்த பெருமழையிலிருந்து ஆயர்களையும் ஆநிரைகளையும் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் காட்சி அங்கே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. வெளியே மழை கொட்டும்போது உள்ளே நின்று அந்தக் கதையைச் சொன்னால், எந்தப் பிள்ளையும் கைப்பேசி கேட்காது. ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருப்பதையும், குழல் ஊதுபவரையும் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிற்பம் பல்லவர் காலத்தது, அதன் முன்னுள்ள தூண் மண்டபம் விசயநகரக் காலத்தில் கட்டப்பட்டது. ஆக, மழையிலிருந்து ஊரைக் காத்த கண்ணன் பல நூற்றாண்டுகள் தாமே மழையில் நனைந்துகொண்டுதான் நின்றிருக்கிறார்.

அருகிலேயே அர்ச்சுனன் தபசு. பகீரதன் தவம் என்று சொல்வோரும் உண்டு. இதற்குக் கூரை கிடையாது என்பதால் தூறல் நின்ற சமயத்தில் போக வேண்டும். இருபத்தைந்து மீட்டருக்கும் மேல் நீண்ட இந்தப் பாறையில் யானைகளைப் பெரியவர்களும் பார்த்துவிடுவார்கள். யானைக்கு அருகே முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றியிருக்கும் எலிகளையும் பிள்ளைகள்தாம் முதலில் காண்பார்கள். பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். மேலிருந்து அதன் வழியே நீர் இறங்கும்படி அமைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதை, மழை நாளில் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. மீண்டும் தூறினால் பக்கத்திலுள்ள பஞ்சபாண்டவர் மண்டபத்துக்குள் ஒதுங்கலாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கப் பக்கம் குன்றின்மேல் உள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபம் அருமையானது, ஆனால் நனைந்த பாறைமேல் சிறு பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் இடமல்ல. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்னும் பெரும்பாறை நிற்கும் சரிவு, சறுக்கி விளையாடியே வழவழப்பாகிப்போனது. மழையில் அதைக் கீழே நின்றுதான் பார்க்க வேண்டும். ஐந்து இரதங்களிலும் கடற்கரைக் கோயிலிலும் ஒதுங்க இடம் குறைவு. ராடாரில் முழுதாக ஒரு மணி நேர இடைவெளி தெரிந்தால் மட்டும் செல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டுப் போதும், 15 வயதுக்கு உட்பட்டோருக்குச் சீட்டுத் தேவையில்லை.

மழை விடவே இல்லையென்றால் சங்கு, சிப்பி அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட நான் பரிந்துரைப்பது தெருவோரச் சிற்பக் கூடங்களை. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அனுமதி கேட்டு, சில்லுகள் தெறிக்காத தொலைவில் நின்றால், உளி படப்பட ஒரு பிள்ளையாரின் துதிக்கை உருவாவதைப் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: துணியை உலர்த்துதல்

மறுநாள் போட உலர்ந்த உடை இல்லாமல் போவதே மழைக்கால விடுமுறைகள் பாதியில் முடியக் காரணம். கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் பால்கனியில் துணி காயாது, குளியலறையில் அறவே காயாது. நனைந்த உடையைப் பிழிந்தபின், உலர்ந்த துண்டொன்றின்மேல் விரித்து, இரண்டையும் பாயைப்போல் இறுக்கிச் சுருட்டிப் பிள்ளைகளை அதன்மேல் ஏறி மிதிக்கச் சொல்லுங்கள். எஞ்சிய நீரில் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிவிடும், பிள்ளைகளுக்கும் அது விளையாட்டு. பிறகு அறைக்குள் மின்விசிறிக் காற்று படும்படி கொடி கட்டி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் தொங்கவிடுங்கள். குளிர்சாதனத்தில் ஈரம் நீக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். ஜீன்ஸ் எடுத்துச் சென்றவர்களுக்கு என்னிடம் வழியில்லை.

ஆறாம் படி: இரண்டாம் நாள்

முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்குச் செல்லுங்கள். தென்மாநில வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் அமர்ந்து முற்றத்துக்குள் மழை இறங்குவதைப் பார்ப்பது, அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகளுக்குப் புதிது. வீட்டுக்கு வீடு நடக்கும்போது மட்டும் நனைய நேரிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வழியிலுள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை; அங்கே பெரும்பகுதி திறந்தவெளி என்பதால், தூறல் இல்லாவிட்டால் மட்டும் இறங்குங்கள்.

பின்சேர்க்கை: இணையத்தில் எடுத்த நுழைவுச்சீட்டை மழையில் வாயிலில் காட்ட முடியவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஈரக் கைக்குத் தொடுதிரை கட்டுப்படாது, வாயிலில் இணைய இணைப்பும் சில வேளை தடுமாறும். அறையிலேயே சீட்டின் கியூஆர் குறியீட்டைத் திரைப்பிடிப்பு எடுத்து, திரையின் ஒளியைக் கூட்டி, கைப்பேசியை ஒளிபுகும் ஜிப் பைக்குள் போட்டுக்கொண்டால் பையைத் திறக்காமலே காட்டிவிடலாம்.