கலிஸ்டோ தரவில் சூரியனின் வானொலி வெடிப்பைப் பார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி சூரியனின் வானொலி வெடிப்புகளைப் பார்க்க அன்ரனா கட்டாயமில்லை. இ-கலிஸ்டோ என்பது சூரியனின் வானொலி அலைகளைப் பதியும் நிலையங்களின் உலகளாவிய வலையமைப்பு. அவை பதியும் தரவு எல்லோருக்கும் இலவசம். ஒரு கோப்பில் 15 நிமிடப் பதிவு, செக்கனுக்கு 4 அளவீடு, வழமையாக 200 அலைவரிசைகள். போன் டேட்டாவிலேயே இறக்கலாம்.

லப்டொப்பில் பைதன் நிரல்மொழியும் அதன் நூலகங்களான நம்பை, மற்பிளொட்லிப், அஸ்ட்ரோபை எல்லாமும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். ஆயத்தப் பொதிகளும் உண்டு, ஆனால் முதல் தடவை வேண்டாம். பத்து வரியை நீங்களே எழுதினால்தான் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிடிபடும்.

2017 செப்டெம்பர் 6-ஐ எடுங்கள். எக்ஸ்9.3 சூரியச் சுடர் (எக்ஸ் என்பது மிகப் பலமான வகுப்பு) அன்றுதான் வந்தது. உச்சம் உலக நேரம் 12:02, எங்களுக்கு மாலை 5:32. கோப்பின் பெயரில் இருப்பது உலக நேரம். ஆகவே அப்போது நல்ல வெயிலில் இருந்த ஐரோப்பிய நிலையமொன்றின் 11:45, 12:00 கோப்புகளை இறக்குங்கள்.

இனித்தான் நான் இரண்டு இரவு மாட்டுப்பட்ட இடம். தலைப்புத் தகவலை வைத்து மீடிறன் அச்சைப் போட்டேன். 200-இல் தொடங்கி ஒன்றொன்றாக இறங்கியது. மெகாஹேட்ஸ் என்றே நம்பினேன். அது வெறும் அலைவரிசை இலக்கம்! உண்மையான மீடிறன்கள் கோப்பின் இரண்டாம் பகுதியில், தனி அட்டவணையாக இருக்கின்றன. அவற்றுக்கிடையே இடைவெளியும் சமமில்லை. அதனால் மற்பிளொட்லிப்பில் சம இடைவெளியில் வரையும் இம்ஷோ வேண்டாம், உண்மையான மீடிறன்களைக் கொடுத்து பிகலர்மெஷ்ஷில் வரையுங்கள். சரியாகப் போட்டதும், நாள் முழுக்க அசையாமல் நின்ற கிடைக்கோடுகள் 88-க்கும் 108 மெகாஹேட்ஸுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தன. எங்கள் வீட்டு றேடியோவில் நான் திருகும் அதே எப்.எம். பட்டை!

அப்புறம் ஒவ்வொரு அலைவரிசையிலும் அதன் இடையத்தைக் கழியுங்கள். பின்னணி போய்விடும். சில செக்கன்களில் உயர்ந்த மீடிறனிலிருந்து சரசரவென்று இறங்கும் கோடு தெரிந்தால் அது மூன்றாம் வகை வெடிப்பு. இலத்திரன்கள் வெளியே பாயப் பாய பிளாஸ்மாவின் அடர்த்தி குறைகிறது, மீடிறன் அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு இறங்குகிறது. நிமிடக்கணக்கில் மெல்லச் சரிந்தால் இரண்டாம் வகை, அது அதிர்ச்சி அலையின் வேலை.

பிற்சேர்க்கை: எப்.எம். கோடே வரவில்லை என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சில நிலையங்கள் அந்தப் பட்டையை வேண்டுமென்றே தவிர்க்கின்றன. மீடிறன் அட்டவணையை அச்சிட்டுப் பாருங்கள், அந்த எண்களே அதில் இருக்காது.