செமினாரை மாற்றினேன், திட்டு வாங்கினேன்

எம்.ஏ. மாணவர்களுக்கு நான் எடுக்கும் சென்னை வரலாறு செமினாரில் வாரம் ஒருவர் பிபிடி போட்டு ஒப்பிப்பார், மற்றவர்கள் போனை நோண்டுவார்கள். போன செமஸ்டரில் அதைத் தூக்கிவிட்டு, எல்லோரும் வாரம் ஒரு பக்கம் எழுதி வந்து பேச வேண்டும் என்று வைத்தேன். பிரமாதம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

வகுப்பைப் பற்றி மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்களை மாம்பலம் ஸ்டேஷனில் உட்கார்ந்து பிரித்தேன். "எழுதி எழுதிக் கொடுக்கிறோம், ஒன்றுமே திரும்பி வரவில்லை சார்." சுருக்கென்றது. அவர்கள் வாரா வாரம் எழுதித் தந்த பக்கங்களின் கட்டு அப்போதும் என் பையில்தான் இருந்தது. இன்னொன்று: "இங்கிலீஷில் வாக்கியம் கோப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது."

சரி என்று இந்த முறை எழுத்தை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தேன், மறு வகுப்பிலேயே இரண்டு வரிக் குறிப்போடு திருப்பிவிடுகிறேன், தமிழிலும் எழுதலாம், பேசலாம். 1877-78 பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைப் பற்றிய வகுப்பை, திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் கால்வாய் ஓரத்திலேயே நடத்தினோம். வாயே திறக்காத ஒரு பெண், நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் வாங்கி மண் சுமந்தால் வயிறு நிரம்புமா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடவில்லை. அப்புறம் அந்த நாற்றம், அது அடுத்த கருத்துத் தாளில் கண்டிப்பாக வரும்.