பித்தளை சாமான் கழுவறதுல என்னங்க இருக்கு, காய வெக்கிறதுலதான் கோட்டை விடறோம்

தை நோம்பி வருதுன்னா அட்டாலியில கெடக்குற பித்தளையெல்லாம் எறக்கி பொடக்காலியில போட்டு தேய்க்கிறது எங்க ஊட்டு வழக்கமுங்க. மொத தடவை செய்யறவங்களுக்காக சொல்றேன்.

மொதல்ல ஒரு காந்தத்த வெச்சு பாருங்க. ஒட்டுச்சுன்னா அது உள்ள இரும்பு, மேல வெறும் முலாம், ஊற வெக்காதீங்க, துணியில தொடச்சா போதும். உள்ள ஈயம் (வெள்ளீயந்தான்) பூசின போசி, அதான் பாத்திரம், அப்படின்னா வெளிப்பக்கம் மட்டும் தேய்ங்க, உள்ள கம்பி நாரப் போட்டு ஈயத்த சொரண்டிட்டு அப்புறம் ஈயம் பூசறவர தேடி அலையாதீங்க.

குத்துவிளக்க மரை மரையா கழட்டிட்டு சுடுதண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு எண்ணெய்ப் பிசுக்க எடுங்க. பிசுக்கு இருந்தா புளிப்பு உள்ள எறங்காது.

புளி நல்லதுதான், ஆனா மரை இடுக்குல அப்பிக்கும், அதனால நான் எலுமிச்சை உப்புதான், மளிகைக் கடையில சிட்ரிக் ஆசிட்னு கேட்டாலும் குடுப்பாங்க. பிளாஸ்டிக் பக்கெட்ல 1 லிட்டர் சுடுதண்ணிக்கு 1 டேபிள்ஸ்பூன், 10 நிமிசம், அதுக்கு மேல வேண்டாமுங்க. நான் ஒருக்கா ராத்திரி பூரா ஊறட்டும்னு விட்டுட்டு தூங்கிட்டேன், காலைல பாத்தா சொம்பு செவசெவன்னு கெடக்கு. பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான, ரொம்ப நேரம் புளிப்புல கெடந்தா மேல இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு போயி செம்பு மட்டும் நிக்கும். அம்மிச்சி பாத்துட்டு "ஏங்கண்ணு, பித்தளைல குடுத்தேன், செம்புல திருப்பித் தர்ற"ன்னாங்க. அரை நாள் தேய்ச்சேன்.

எடுத்ததும் ஆப்பசோடா கலந்த தண்ணியில ஒரு முக்கு, அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு அலசு. கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி வர்றவங்களுக்கு கவலையில்ல, எங்கள மாதிரி உப்பு போர் தண்ணி ஆளுங்க கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி எடுத்துக்கங்க, இல்லாட்டி காஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். அந்தக் கடைசித் தண்ணி சூடா இருந்தா சாமானும் சூடேறி சீக்கிரம் காயும்.

இனிமேத்தான் வேலையே. தொடச்சா பளபளன்னு இருக்கும், காஞ்சிருச்சுன்னு நெனச்சு மாட்டிருவோம், ஆனா விளக்குத் தண்டுக்குள்ளயும் சொம்புக் கழுத்துலயும் தண்ணி நின்னு களிம்பு புடிச்சு பச்சையா எறங்கும். நல்லா ஒதறிட்டு ரெண்டு வெறகுக் குச்சிய போட்டு அது மேல கமுத்துங்க, தரையோட கமுத்தினா உள்ள காத்தே போகாது. உச்சி வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல திருப்பி விடுங்க. அவசரம்னா ஹேர் டிரையர் புடிங்க, அடுப்பு மேல மட்டும் வெச்சிராதீங்க, ஈயம் உருகிரும்.

காஞ்சுதான்னு பாக்க ஒரு புதுப் பஞ்சுத்திரிய மரை ஓட்டைக்குள்ள விட்டு சுத்தி எடுங்க. கொஞ்சம் ஜில்லுன்னு இருந்தாக்கூட மறுபடி வெயில்லதான். திரி மொறுமொறுன்னு வந்தாத்தான் மரைக்கு ஒரு சொட்டு தேங்காண்ணை தொட்டு மாட்டணும், இறுக்கி முறுக்காதீங்க, அடுத்த நோம்பிக்கு நீங்கதான கழட்டப் போறீங்க.