மீட்டரைத் தின்னும் செல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த இன்சுலேஷன் டெஸ்டரை (ஒயர், மோட்டார் போன்றவற்றின் மின்காப்பைச் சோதிக்கும் கருவி, மெகர் என்றும் சொல்வோம்) எடுத்து மூடியைக் கழற்றினால், உள்ளே செல் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருக்கும். இதைப் பார்க்காத சர்வீஸ் மேசையே இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள், நாங்கள் ஒருகாலத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். செல்லைத் தலைகீழாகப் போடுவது, ஸ்விட்சை அணைக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ஒருமுறை நடந்தால் தானாகவே புத்தி வந்துவிடும்.

வீக்கான செல்லை மட்டும் மாற்றுவது

கருவிகளை அதிகம் கெடுப்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடக்கிறது.

ஆறு பென்சில் செல் போடும் மெகரில் பேட்டரி தீர்ந்ததற்கான குறி காட்டுகிறது. ஒவ்வொரு செல்லையும் மல்டிமீட்டரில் பார்க்கிறார்கள். இரண்டில் 1.1 வோல்ட், நான்கில் 1.4 வோல்ட். இரண்டை மட்டும் மாற்றி மூடிவிடுகிறார்கள். குறி மறைகிறது, எல்லோருக்கும் திருப்தி. சில மாதம் கழித்துத் திறந்தால், புதிய செல்கள் நன்றாக இருக்கும். பழைய செல் ஒன்று ஒழுகி, ஸ்பிரிங்கையும் போர்டின் ஓரத்தையும் அரித்திருக்கும்.

ஆறும் தொடரிணைப்பில் இருப்பதால் ஒரே கரன்ட்தான் எல்லாவற்றின் வழியாகவும் ஓடுகிறது. பழையவற்றில் மிகவும் வீக்கானது முதலில் தீர்ந்துபோகிறது. அத்தோடு கரன்ட் நிற்பதில்லை. மற்ற ஐந்தும் தீர்ந்த செல்லின் வழியாகவே அதைத் தள்ளுவதால், அந்த செல்லின் துருவம் திரும்பிவிடுகிறது, அதாவது பிளஸ் மைனஸாகிவிடுகிறது. உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது, அடிப்பக்கத்து சீல் விட்டுக்கொடுக்கிறது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வருகிறது.

பேட்டரி குறி இதைக் காட்டிக்கொடுக்காது. கருவி பார்ப்பது மொத்த வோல்ட்டேஜை மட்டும்தான். ஐந்து செல் 1.4 வீதம் 7 வோல்ட், திரும்பிய செல் மைனஸ் 0.4 என்றால், மொத்தம் 6.6 வோல்ட். 6 வோல்ட்டில் எச்சரிக்கும் கருவிக்கு அது நல்ல பேட்டரிதான். புதிய செல்களைக் கலந்ததால் எச்சரிக்கை தள்ளிப்போகிறது. பழையது திரும்பிய நிலையிலேயே நெடுநேரம் வேலை செய்யவேண்டியதாகிறது.

லோடு இல்லாமல் அளந்த 1.4 வோல்ட்டையும் நம்பக்கூடாது. மல்டிமீட்டரின் 10 மெகாஓம் உள்ளீடு செல்லிலிருந்து இழுப்பது ஒன்றுமேயில்லை. 10 ஓம், அரை வாட் ரெசிஸ்டரை செல்லின் குறுக்கே ஐந்து நொடி வைத்து அளந்தால், ஏறக்குறைய 150 மில்லிஆம்பியர் இழுக்கும். புதிய ஆல்கலைன் செல் 1.5-க்கு ஒட்டியே நிற்கும். 1.2-க்குக் கீழே ஒன்று இறங்கினாலும் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒரே பிராண்ட், ஒரே பாக்கெட். போட்ட தேதியை மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கழற்றியவற்றில் தேறுவதை ஒற்றை செல் சுவர்க் கடிகாரத்துக்குப் போடலாம். அங்கே துணைக்கு வேறு செல் இல்லாததால் துருவம் திரும்ப வழியில்லை.

"ஆஃப்" என்பதை நம்புவது

பட்டனை அழுத்தி அணைக்கும் கருவியில் சர்க்யூட்டின் ஒரு பகுதி விழித்தே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தொடமாட்டீர்கள் என்றால் செல்லைக் கழற்றி, கவரில் போட்டுக் கருவியோடு வையுங்கள்.

குறியீட்டைப் பார்க்காமல் வாங்குவது

பென்சில் செல்லின் மேல் ஆர்6 (R6) என்றிருந்தால் ஜிங்க்-கார்பன். அதன் துத்தநாகக் கூடுதான் எலக்ட்ரோடும், வேலை செய்யச் செய்ய கூடே கரையும். விலையுள்ள கருவிக்கு வேண்டாம். எல்ஆர்6 (LR6) ஆல்கலைன். எஃப்ஆர்6 (FR6) லித்தியம், அதில் தண்ணீர் கலந்த எலக்ட்ரோலைட் இல்லாததால் இந்த மாதிரி ஒழுகாது. எப்போதாவது எடுக்கும் கருவிக்கு அதைத்தான் சொல்வோம். ஆனால் புதிதில் அது 1.8 வோல்ட் வரை காட்டும். ஆறு போட்டால் 10.8 வோல்ட். கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கடைசிவரை வோல்ட்டேஜ் இறங்காமல் இருந்து திடீரென்று படுத்துவிடும் என்பதால், பேட்டரி குறி முன்கூட்டியே காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒழுகியது ஆசிட் என்று நினைப்பது

ஆல்கலைன் செல்லிலிருந்து வருவது காரம். ஆப்பசோடா போட்டுத் தேய்ப்பதால் பயனில்லை. அது லெட்-ஆசிட் பேட்டரிக்கான வைத்தியம். இங்கே வேண்டியது சமையலறை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் கருவிக்கு வெளியே தட்டுங்கள். வினிகரை பட்ஸில் தோய்த்து, நுரை அடங்கும்வரை தடவுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பட்ஸ், அதன்பின் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். வினிகரைத் துடைக்காமல் விட்டால் அதுவும் அரிக்கும். ரேஞ்ச் ஸ்விட்ச் பக்கம் எதையும் ஊற்றாதீர்கள்.

மிச்சம் விட்டால் என்ன ஆகும்? வெள்ளைப் பொடி பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. உள்ளீட்டுப் பகுதியில் துளி ஒட்டியிருந்தாலும் கோடையில் சரியாகக் காட்டும் மீட்டர் மழைக்காலத்தில் தப்பாகக் காட்டும். 1000 வோல்ட் கொடுக்கும் இன்சுலேஷன் டெஸ்டரில் இது இன்னும் மோசம். நல்ல மோட்டாரின் வைண்டிங்கைக் கெட்டது என்று சொல்லிவிடும்.

உப்புத்தாள்

நிக்கல் பூச்சை உரித்துவிடும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். பூச்சு போயிருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்.

ஒயரைப் பார்க்காமல் விடுவது

காரம் ஒயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும், பெரும்பாலும் மைனஸ் ஒயரில். வெளியே சிவப்பும் கறுப்புமாக ஒயர் ஒழுங்காக இருக்கும். சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். அதில் சால்டர் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிப் பார்க்காமல், முழு ஒயரையும் மாற்றிவிடுவதே நல்லது.

மேசைக் கருவியின் உள்பேட்டரியை அவசரமாகப் பிடுங்குவது

பழைய மேசைக் கருவிகளில் போர்டிலேயே சால்டர் செய்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் கண்டால், ஒழுகும்வரை காத்திருக்க வேண்டாம். அதன் காரம் போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில், டிராக் என்னும் செம்புத் தடத்தோடு பரவும். அந்த இடத்தில் லித்தியம் காயின் செல் வைப்பதானால், சார்ஜ் கரன்ட் போகாமல் தடுக்க டையோடு கட்டாயம் வேண்டும்.

ஆனால் எடுப்பதற்கு முன், அந்த பேட்டரி எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஹெச்பி 3478ஏ மீட்டரில் காலிபிரேஷன் எண்கள் (அளவைத் துல்லியமாக்கும் திருத்த எண்கள்) முழுவதும், 3 வோல்ட் லித்தியம் செல் ஒன்று தாங்கும் ராமில்தான் (மின்சாரம் போனால் மறந்துவிடும் நினைவகம்) இருக்கின்றன. செல்லை அப்படியே எடுத்தால் எண்கள் அழிந்துவிடும். முதலில் ஜிபிஐபி (கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இணைப்பு) வழியாக அவற்றைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சால்டரிங் அயர்னை அதற்குப் பிறகு சூடாக்கலாம்.