பழைய பொம்மையைக் குளிப்பாட்டாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களா கைமாறும்போது மேசை நாற்காலிகளோடு ஒன்றிரண்டு பொம்மைகளும் வெளியே வரும். அவற்றைத் தேடி வாங்கும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வாங்கிய கையோடு அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விலை விசாரியுங்கள், பேரம் பேசுங்கள் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்யக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

குளிப்பாட்டுவது

கோத்தகிரியில் ஒரு தம்பி, படுக்க வைத்தால் கண் மூடும் பொம்மை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். அன்று மாலையே வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ். மறுநாள் என்னிடம் கொண்டுவந்தபோது கன்னம் பொருக்குப் பொருக்காக உரிந்து, உள்ளே பழுப்பு நிறத்தில் ஊறிய மரத்தூள் தெரிந்தது. ஒரு கண் தலைக்குள் விழுந்து லொடலொடவென்று உருண்டது. "அழுக்கா இருந்துச்சுண்ணா" என்கிறார்!

அது காம்போசிஷன் பொம்மை. மரத்தூளையும் பசையையும் பிசைந்து அச்சில் அழுத்தி, மேலே சாயம் பூசியது. ஈரம் பட்டால் பசை இளகும், சாயம் கழன்றுவிடும். பிஸ்க் என்கிற பளபளப்பில்லாத பீங்கான் தலையில் நிறத்தைச் சூளையில் சுட்டு ஏற்றியிருப்பார்கள். அது தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதிலும் கண்ணைப் பிடித்திருக்கும் பிளாஸ்டர் தாங்காது, விக்கை ஒட்டிய பசையும் தாங்காது.

எது எதுவென்று எப்படித் தெரியும்? பீங்கான் தொட்டால் சில்லென்றிருக்கும் என்பார்கள். ஊட்டிக் காலையில் எதுதான் சில்லென்று இருக்காது? நகத்தால் லேசாகத் தட்டுங்கள். பீங்கான் கிண்ணென்று கேட்கும், காம்போசிஷன் மொத்தென்று கேட்கும். வலை பின்னியதுபோல் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் பெரும்பாலும் காம்போசிஷன்தான். சந்தேகம் இருந்தால் மென்மையான உலர்ந்த பிரஷால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, சும்மா இருங்கள். அழுக்கோடு இருந்திருந்தால் அந்தத் தம்பி தன் பொம்மையைப் போட்ட விலைக்கே விற்றிருக்கலாம்.

எண்ணை வருடமாகப் படிப்பது

பின்கழுத்தில் ஏ.எம்., 390 என்றிருந்தால் அது ஜெர்மனியின் ஆர்மண்ட் மார்செய் கம்பெனியின் அச்சு எண். பல ஆண்டுகள் ஏராளமாக வார்த்த தலை அது. அரியது என்று சொல்லி விற்றால் சிரித்துவிட்டு வாருங்கள். ஜெர்மனி என்ற பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. தயாரித்த நாட்டின் பெயர் இல்லாத இறக்குமதியை அமெரிக்கா அந்த ஆண்டு முதல் ஏற்கவில்லை.

பார்பியில் 1966 என்று பார்த்ததும் துள்ளாதீர்கள். அது அந்த உடல் வடிவத்துக்குக் கம்பெனி உரிமை பதிந்த ஆண்டு. 1990களில் வந்த பொம்மையிலும் அதே எண் இருக்கும்.

விரிசலை வெளியே தேடுவது

இருட்டில் பீங்கான் தலைக்குள் டார்ச் அடியுங்கள். வெளியே தெரியாத விரிசலும் கோடாகத் தெரியும். விற்பவர் விடவில்லையென்றால் வாங்காதீர்கள்.

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது

நம் மலையில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கவருக்குள் ஈரம் தங்கினால் உடுப்பெல்லாம் பூஞ்சணம்தான். துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். அப்புறம், பாச்சை உருண்டை பொம்மைமேல் படவே கூடாது.

கணப்பருகே செல்லுலாய்ட்

செல்லுலாய்ட் என்பது பழைய காலத்துப் பிளாஸ்டிக். குப்பென்று பற்றிக்கொள்ளும். வேண்டாம்.