மதிப்பெண் அட்டவணையில் ‘நன்று’ வேண்டாம்

அறிவியல் செய்முறைக்கு மதிப்பெண் அட்டவணை போடும்போது ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதாதீர்கள். நோட்டில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரின் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் சோதனை என்றால், எடையை அலகோடு எழுதியதற்கு 1, மூன்று முறை அளந்து சராசரி எடுத்ததற்கு 2, உப்பின் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்குக் காரணம் சொன்னதற்கு 2. 100 மில்லி கடல்நீரில் சுமார் 3.5 கிராம் உப்பு இருக்கும். 3 கிராம்தான் கிடைத்தது, ஆனால் கொதிக்கும்போது உப்பு தெறித்ததைக் கவனித்து எழுதியிருக்கிறது பிள்ளை என்றால், முழு மதிப்பெண் கொடுங்கள், அதுதானே அறிவியல்!

‘நன்று’ என்பதன் அளவு நாற்பதாவது நோட்டைத் திருத்தும்போது மாறிவிடும். ‘அலகு இருக்கிறதா?’ என்ற கேள்வி மாறாது, பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

ஒரு வார்த்தை விடைகளுக்கு இது தேவையில்லை. அடுப்பருகே பாதுகாப்பாக நடந்துகொள்வதற்கும் படிப்படியான மதிப்பெண் வேண்டாம். அங்கே சரி, தவறு இரண்டுதான்.