விதை உளுந்தோடு அழையுங்கள்: பர்மாவின் பெகு வட்டாரத்தில் உழவர் கருத்தரங்கு நடத்துவது எப்படி?

உழவர் கருத்தரங்கு என்றதும் மண்டபம், பேச்சாளர், பொன்னாடை என்ற வரிசையில் ஏற்பாட்டைத் தொடங்குவது நம்மவர் வழக்கம். வரப்போகிறவர் அடுத்த ஒரு மாதத்துக்குள் எதை முடிவு செய்தாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

கீழ்ப் பர்மாவில் நெல் அறுத்த வயலின் ஈரத்தை நம்பி நவம்பர், டிசம்பரில் உளுந்து விதைக்கிறோம். எனவே, உளுந்துக்கான கூட்டத்தை அக்டோபரில் வைக்க வேண்டும். அறுவடை முடிந்து மார்ச்சில் கூட்டினால், மஞ்சள் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடத்தான் முடியும். அக்டோபரிலும் தீபாவளியையும் பௌத்தர்களின் விளக்குத் திருவிழாப் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆளை வரவழைப்பது அழைப்பிதழ் அல்ல, அவரவர் வீட்டு விதை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவரும் விதைக்கென எடுத்து வைத்த உளுந்தில் 100 மணிகளை எண்ணி வாங்கி, நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, பெயர்ச் சீட்டு கட்டி, காயாமல் நிழலில் வையுங்கள். ஏழாம் நாள் மண்டபத்தில் அவரவர் சுருளை அவரவரே பிரிக்கட்டும். 60 மணிதான் முளைத்திருக்கிறது என்று தன் விரலாலேயே எண்ணிப் பார்த்தவரிடம், வண்டு விழாமல் விதையைக் காய வைத்துக் காற்றுப் புகாமல் சேமிப்பதைப் பற்றி அதன் பிறகு எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்பார்.

பேச்சாளருக்கு அளவைகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஏற்பாடு செய்த ஒரு கூட்டத்தில், வெளியூர் வல்லுநர் 'எக்டேருக்கு ஒரு டன்' என்று முழங்க, முன்வரிசைப் பெரியவர் கடைசிவரை விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். இங்கே கணக்கு ஏக்கரும் கூடையும்தான். அதிலும் நெல் கூடை 46 ராத்தல் (பவுண்டு), உளுந்துக் கூடை 72 ராத்தல். அந்த ஒரு டன், நெல்லானால் ஏக்கருக்கு ஏறத்தாழ 19 கூடை, உளுந்தானால் 12 கூடைதான். வீசைக்கும் இதே எச்சரிக்கை உண்டு: சொல் நம்முடையதுதான், ஆனால் பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, பழைய சென்னை வீசையைவிடக் கனமானது.

பேச்சு தமிழில் இருக்கலாம். கையில் கொடுக்கும் தாள் பர்மிய எழுத்திலும் இருக்கட்டும். தமிழ் பேசும் இளையவர்களில் பலருக்கு அதைப் படிப்பதுதான் எளிது. சாப்பாடு புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்தால் சைவம். வேறு யோசனை வேண்டாம்.

கடைசி ஒரு மணி நேரத்தை உளுந்து வாங்கும் வியாபாரி ஒருவருக்கு ஒதுக்குங்கள். 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு வரம்பு விதித்தபோது இங்கே விலை சரிந்ததால், எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற கேள்வியோடுதான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். வியாபாரியைப் பேச விடாமல், கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்.